பிளாக்கில் அடித்த இலக்கம்

போன வாரம் காலி வீதியில், கொள்ளுப்பிட்டிப் பக்கம், ஒரு பெரிய மதிலுக்கு முன்னால் நோபேட்டின் பிக்கப் தானாக நின்றுபோனது நினைவிருக்கும். ஆமிக்காரரின் நாலு துவக்குகள் அவரைச் சூழ்ந்ததும், சுடுகிற தாரில் அவர் முகங்குப்புறக் கிடந்ததும் நினைவிருக்கும். தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும்: வண்டியில் இருந்தது கருவாடு. கருவாடு மட்டும்தான், குண்டு இல்லை. அதை நம்புவதற்கு அவர்களுக்கு ஒவ்வொரு சாக்காக அவிழ்த்து ரோட்டில் கொட்ட வேண்டியிருந்தது. யாரோ சொல்லி, மேபல் வண்டியின் பதிவுப் புத்தகத்தோடு ஓடிவந்து, வண்டி தன்னுடையது, கிடப்பவர் தன் புருஷன் என்று அழுத பிறகுதான் எழும்ப விட்டார்கள்.

தார் சுட்ட கன்னம் கறுத்துக் காய்ந்துவிட்டது. கை நடுக்கம்தான் போகவில்லை.

அன்று காலையும் பிளேன்ரீ கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடித்தார். மேபல் பார்த்தாள். பார்க்காத மாதிரித் திரும்பி, மகள் கொன்ஸ்ரன்ஸின் பின்னலை இறுக்கி முடிந்தாள். பிள்ளை "ஆ, நோகுது அம்மா!" என்றது.

"இண்டைக்குக் கராஜ் றவூப் நானாவுக்கு எஞ்சினைப் பற்றிப் பதில் சொல்லணும்," என்றாள் மேபல், பிள்ளை பள்ளிக்கூடம் போனதும்.

"தெரியும்."

"என்ன சொல்லப் போறீங்க?"

"பழையதையே செய்யச் சொல்லப் போறன்."

மேபல் சட்டியை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள். ஏற்கெனவே தேய்த்த சட்டி.

அந்த எஞ்சின் மேபலின் அப்பா பேதுரு விட்டுப்போனது. டீசல் எஞ்சின். அதன் ஆயுள் எப்போதோ முடிந்துவிட்டது. டீசல் குடிக்கிற அளவுக்கு ஒயிலும் குடித்தது. காலையில், ஜம்பட்டா வீதியில் அவர்கள் குடியிருந்த தோட்டத்து ஆண்கள் ஆறேழு பேர் சேர்ந்து தள்ளினால்தான் பிடிக்கும். பிடித்தால் தோட்டம் முழுக்கப் புகை. "நுளம்புக்கு மருந்தடிக்க வந்தாச்சு, சன்னலைச் சாத்துங்க!" என்று பக்கத்து வீட்டு ஆறாயி கத்துவாள். அது எல்லாருக்கும் பகிடி. போன வாரம் வரைக்கும் நோபேட்டுக்கும் பகிடிதான்.

"புதுசு ஒண்டைப் போட்டா ரோட்டில நிக்காதுதானே?" என்றாள் மேபல், முதுகைக் காட்டிக்கொண்டு.

"நிக்காது. ஆனா புது எஞ்சின்ல வேற நம்பர் இருக்கும். புத்தகத்தில இருக்கிறது இந்த நம்பர். செக்பொயின்ட்ல பொனட்டைத் திறக்கச் சொன்னா நான் என்னத்தச் சொல்றது? களவு வண்டி எண்டுவான். களவு எண்டாலும் பரவாயில்ல..." நோபேட் குரலைத் தாழ்த்தினார். வீட்டுக்குள்ளேயே தாழ்த்தினார். "வேற என்னத்துக்கோ ஆயத்தம் பண்ணின வண்டி எண்டுவான்."

"நாரஹேன்பிட்டிப் பதிவுக் கந்தோருக்குப் போய்ப் புத்தகத்தில மாத்தலாம்."

"மாத்தி வரும் வரைக்கும்? புத்தகம் ஆற்ற பேர்ல மேபல்? உன்ட பேர்ல. பிடிச்சா உன்னைத்தான் உள்ளுக்குக் கூப்பிடுவான்."

"என்னைக் கூப்பிடட்டும்." மேபல் சட்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "உங்களைத் திரும்பவும் ரோட்டில கிடக்கக் காண எனக்கு ஏலாது. முதுகில சப்பாத்து. நான் கண்டனான். உங்களுக்குத் தெரியாது, நீங்க கீழ பாத்துக்கொண்டு கிடந்தீங்க. நான் கண்டனான்."

நோபேட் கோப்பையைக் கீழே வைத்தார்.

அந்த நேரத்தில்தான் மேபலின் தம்பி றேமண்ட் காலைச் சாப்பாட்டுக்குப் பாணும் கையுமாக வந்தான். துறைமுகப் பட்டறையில் இயந்திரம் பூட்டுகிற பிற்றர் வேலை. இரவு முறை முடிந்து நேரே வந்தவன், கண் சிவந்திருந்தது. மனிசி பிள்ளை இல்லை. அக்கா வீடுதான் சாப்பாடு, அக்கா வீடுதான் படுக்கை.

"என்ன அத்தான், முடிவு என்ன? கிழவனுக்குப் பல்லுக் கட்டப் போறீங்களா, வேற கிழவனைக் கொண்டுவரப் போறீங்களா?"

"போடா."

"நான் சொல்றன், வேற கிழவன்தான் நல்லம். ஜப்பான்ல செத்தவன். இவனைவிடச் சோக்காச் செத்திருப்பான்."

மேபலுக்குச் சிரிப்பு வந்தது. போன வாரத்துக்கு முன்னால் என்றால் நோபேட்டுக்கும் வந்திருக்கும். வரவில்லை.

பஞ்சிகாவத்தையில் றவூப்பின் கராஜ் ஒரு சந்துக்குள், பழைய எஞ்சின் விற்கிற கடை ஒன்றுக்குப் பின்னால். நோபேட்டும் றேமண்டும் போனபோது பிக்கப் பொனட் இல்லாமல், வாய் பிளந்து நின்றது. எஞ்சின் இறக்கப்பட்டு மேசைமேல் கிடந்தது. தலை கழற்றிய எஞ்சினைப் பார்த்தால் வயிறு திறந்த மனிதனைப் பார்ப்பது போலத்தான் இருக்கும், அதோடு உழைத்தவனுக்கு.

"மச்சான், இங்க வாங்க. விரலை விட்டுப் பாருங்க," என்றார் றவூப்.

நோபேட் சிலிண்டருக்குள் விரலை விட்டார். வழுவழுப்பாக இருக்கவேண்டிய சுவர். மேலே ஓரிடத்தில் நகம் தடுக்கியது.

"படி ஈக்கிது என்னா? அவ்வளவு தேஞ்சி ஈக்கி. நாலுலயும் அப்பிடித்தான். நாலுக்கும் உள்ளால லைனர் போட்டு, பிஸ்டன், றிங் எல்லாம் புதுசு போடோணும். கிராங்கையும் லேத்துக்கு அனுப்போணும். செய்ய ஏலும். நான் ஏலாண்டு செல்லல்ல. மூணு கெழம போகும்."

"மூண்டு கிழமையா?"

"லேத்துக்காரன்ட வாசல்ல போய்ப் பாருங்க, கியூ நிக்கிது. இல்லாட்டி இந்தா." றவூப் மூலையில் பொலித்தீன் சுற்றிக் கிடந்த ஒன்றைக் காலால் தட்டினார். "முன்கடையில ஜப்பான்லேந்து எறக்கினது. இதே மாடல். பின்னேரத்துக்குள்ள பூட்டி ஸ்டார்ட் பண்ணித் தருவன்."

நோபேட் குனிந்து பொலித்தீனை விலக்கினார். பக்கவாட்டில், எஞ்சின் பிளாக்கின் தட்டையான இடத்தில், இலக்கம் இருந்தது. அதையே பார்த்தார். எஞ்சின் எப்படி என்று கேட்கவில்லை. அந்த இலக்கத்தை மட்டும் பார்த்தார்.

"பழையதைச் செய்யுங்க நானா," என்றார் நிமிர்ந்து.

"அத்தான், மூண்டு கிழமை வண்டி இல்லாம—"

"நீ வாயை மூடு றேமண்ட்! உனக்கு என்னடா தெரியும்? நீயா அங்க கிடந்தனீ?"

கராஜில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நோபேட்டுக்கு வெட்கமாகப் போய்விட்டது. தன் குரலே தனக்குப் புதிதாக இருந்தது. றேமண்டின் முகம் சுருங்கியதைக் கண்டும் காணாதவராய், முதலாளியிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று புறக்கோட்டைக்கு நடையைக் கட்டினார்.

நடக்கிற தூரம்தான். வண்டியில் போகும்போது தெரியாத பயங்கள் நடக்கும்போது தெரிந்தன. நிற்கிற ஒவ்வொரு வேனும் ஏன் நிற்கிறது என்று பார்த்தார். பின்னால் யாரோ "ஏய், நவத்தின்ன!" என்று கத்தியபோது இரண்டு கையும் தானாக மேலே போய்விட்டன. அது மூட்டை தூக்குகிற ஒரு நாட்டாமி, வண்டில்காரனை நிற்கச் சொன்னது. பக்கத்தில் பழம் விற்ற பெண் நோபேட்டின் கைகளைப் பார்த்தாள். அவர் தலைமயிரைக் கோதுவது போலக் கையை இறக்கினார்.

கருவாட்டுக் கடை முதலாளி காசிவிஸ்வநாதன் மூன்று கிழமை என்று கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நோபேட், உங்களுக்கு வந்த கஷ்டம் எனக்குத் தெரியும். நான் வேண்டாம்னு சொல்லுவேனா? ஆனா வெள்ளவத்தைக் கடைக்காரங்க பாத்துக்கிட்டு இருக்க மாட்டாங்க. தெஹிவளையும் அப்படித்தான். வேற வண்டி வந்தா, வந்தவன் சும்மா போவானா? கோவிச்சுக்காதீங்க."

நோபேட் கோபித்துக்கொள்ளவில்லை. கோபம் வர இடமில்லை, உள்ளே எல்லாம் பயமே அடைத்துக்கொண்டிருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

அவர் நடந்துகொண்டிருந்த நேரத்தில் மேபல் சாப்பாட்டுப் பார்சல்களோடு கராஜுக்கு வந்துவிட்டாள்.

மேசைமேல் கிடந்த எஞ்சினை அவள் நெடுநேரம் பார்த்தாள். அப்பாவின் எஞ்சின். பிறகு றவூப்பிடம் கேட்டாள்:

"நானா, ஒரு கேள்வி. இதைச் செஞ்சு பூட்டினா ரோட்டில நிக்காது எண்டு உங்களால சொல்ல ஏலுமா?"

றவூப் எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"தங்கச்சி, நல்லா ஓடும். ஆனா புது லைனர், புது றிங். மொதல் கொஞ்ச நாள் எறுக்கமா ஈக்கும். மெதுவாத்தான் ஓட்டோணும். வெயில்ல, டிரபிக்ல, செக்பொயின்ட்ல மிச்சம் நேரம் நிண்டு சூடேறினா... பிடிக்கவும் கூடும். நான் சத்தியம் பண்ண மாட்டன்."

"பிடிக்கிறது எண்டா?"

"நிண்டுரும்."

மேபல் பார்சல்களைப் பெஞ்சில் வைத்தாள்.

"அப்ப மற்றதைப் பூட்டுங்க."

"மச்சான் பழையதச் செய்யச் சென்னார்."

"வண்டி என்ட பேர்ல இருக்கு நானா."

அவள் இதுவரை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். றேமண்ட் அக்காவைப் பார்த்தான். பிறகு மேலே போட்டிருந்த சேட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சங்கிலியை இழுக்கப் போனான்.

நோபேட் திரும்பி வந்தபோது புது எஞ்சின் சங்கிலியில் தொங்கியபடி பிக்கப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மேபல் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"நான்தான் சொன்னனான். ஏசுறதெண்டா என்னை ஏசுங்க."

"மேபல்..."

"திரும்பவும் நிண்டுட்டா? அங்கேயே நிண்டுட்டா? இந்த முறை அவன் சுட்டுட்டுத்தானே கேப்பான்."

நோபேட் ஏசவில்லை. சங்கிலியைப் பார்த்தார். எஞ்சின் ஓர் ஆட்டம் ஆடி, தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. ஏதோ ஒரு பக்கம் முடிவாகிவிட்டது என்பதிலேயே அவருக்கு ஒரு சின்ன ஆறுதல்.

"சரி. பூட்டியாச்சு," என்றார். "ஆனா நான் சொல்ற மாதிரிச் செய்வம். முன்கடையில எஞ்சின் நம்பர் போட்டு, சீல் குத்தி, பில் எடுக்கணும். கேக்க முதல் நாங்களே காட்டுவம். திங்கக்கிழமை விடிய நாரஹேன்பிட்டி. ஒளிக்கிறதுதான் பிழை. ஒளிக்காட்டி என்ன சொல்லுவான்?"

"ஒண்டும் சொல்ல மாட்டான்," என்றாள் மேபல். தனக்கே சொல்லிக்கொண்டாள்.

பூட்டு வேலை முடிந்து, றவூப் பின்னேர அசர் தொழுகைக்குப் போனார். வேலையாட்கள் தேநீருக்குப் போனார்கள். நோபேட்டும் மேபலும் பில் எடுக்க முன்கடைக்குப் போனார்கள். கராஜில் றேமண்ட் தனியே நின்றான்.

இரவு முழுக்க நித்திரை இல்லை. பில்லில் நம்பர் போடுவது பற்றி அத்தான் சொன்னது சங்கிலிச் சத்தத்தில் அவன் காதில் விழவில்லை. காலையில் அத்தான் எல்லார் முன்னாலும் கத்தியது காதுக்குள் நின்றது. அத்தான் கத்துகிற மனிசன் இல்லை. அந்த நம்பர்தான் கத்த வைத்தது. எஞ்சின் இல்லை, புகை இல்லை, மூன்று கிழமை இல்லை. அந்த நம்பர்.

றேமண்டின் பட்டறையில் ஒரு பம்ப் தேய்ந்துபோனால் புதுப் பம்பைப் பூட்டுவார்கள். பூட்டியதும் பழையதன் இலக்கத்தைப் புதியதில் அடிப்பார்கள். இலக்கம் பம்புக்கு உரியதில்லை, அது நிற்கிற இடத்துக்கு உரியது. நாலாம் இறங்குதுறைப் பம்ப் என்றால் எத்தனை தரம் மாற்றினாலும் அதே இலக்கம்தான். அடிக்காவிட்டால் வேலை முடிந்தது என்று போர்மன் ஏற்க மாட்டார். இத்தனை வருஷமும் றேமண்டின் கை அதைத்தான் செய்தது.

ஆகவே அவனுக்கு அது களவாகத் தோன்றவில்லை. யாரும் முடிக்காமல் விட்ட வேலையாகத் தோன்றியது.

கராஜில் கிரைண்டர் இருந்தது. கழற்றிய பாகங்களுக்கு ஒழுங்கு அடையாளம் போட இலக்கம் அடிக்கிற இரும்பு அச்சுகளும் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. பக்கவாட்டால் கையை விட்டால் பிளாக்கின் அந்தத் தட்டையான இடம் எட்டியது. உரசினான். ஜப்பான் இலக்கம் பொறியாய்ப் பறந்தது. மேசைமேல் கிடந்த பழைய பிளாக்கைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு இலக்கமாக வைத்து ஒவ்வோர் அடி அடித்தான். ஒன்றுகூடச் சரியவில்லை. பளபளப்பு மறைய விரலால் கிறீஸ் தடவினான்.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொல்ல வேண்டும் என்று நினைத்தான். அத்தானின் முகம் எப்படி மாறும் என்று பார்க்க அவனுக்கு ஆசையாக இருந்தது.

றவூப் திரும்பி வந்தபோது பொனட்டும் பூட்டியாகிவிட்டது.

முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்தது. புகை இல்லை. உதறல் இல்லை. தள்ள ஆள் தேவையில்லை. நோபேட் சந்திலிருந்து வண்டியை ரோட்டுக்கு எடுத்தார். இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போது கை நடுங்கவில்லை என்பதைக் கவனித்தார். மேபலும் கவனித்தாள். றேமண்ட் பின்னால், சாமான் ஏற்றுகிற தட்டில், நின்றுகொண்டு வந்தான்.

"சத்தமே இல்லை," என்றாள் மேபல்.

"ஆறாயி ஏமாந்து போவா. சன்னலைச் சாத்த வேலையில்லை."

இந்த ஒரு கிழமையில் அவர் சொன்ன முதல் பகிடி அது. மேபல் சிரித்தாள். தேவைக்கு மேல் சிரித்தாள். கண்ணில் நீர் வந்தது.

ஆமர் வீதிச் சந்திக்கு முன்னால் வாகனங்கள் வரிசையில் நின்றன. செக்பொயின்ட். மணல் மூட்டை, தகரப் பீப்பா, ரோட்டுக்குக் குறுக்கே ஏறி இறங்குகிற மரத்தடி. வெயில் சாய்ந்திருந்தாலும் வெளிச்சம் நன்றாக இருந்தது. நோபேட் கையை நீட்டி, புத்தகத்தையும் பில்லையும் தயாராக எடுத்து வைத்துக்கொண்டார்.

"கேக்க முதல் குடுப்பம்," என்றார்.

பின் கண்ணாடியில் டக் டக்கென்று தட்டுக் கேட்டது. திரும்பினார். றேமண்ட் குனிந்து, கண்ணாடி வழியாக அவர் கையிலிருந்த பில்லைப் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். வேண்டாம், வேண்டாம் என்பது போல.

"என்னவாம் இவனுக்கு?"

"பசியாக்கும். இரு, இரு எண்டு காட்டுங்க," என்றாள் மேபல்.

நோபேட் கையைக் காட்டினார். முன்னால் நின்ற வேன் நகர்ந்தது. ஆமிக்காரன் ஜன்னலுக்கு வந்துவிட்டான். மீசை அரும்பாத பெடியன். றேமண்டின் தட்டல் நின்றுபோனது.

நோபேட் சிங்களத்தில், ஒவ்வொரு சொல்லாக, மரியாதையாகச் சொன்னார். வண்டிக்கு இன்று எஞ்சின் மாற்றினோம். புத்தகத்தில் இருக்கிற நம்பர் பழையது. எஞ்சினில் இருக்கிற நம்பர் வேறு. இதோ பில், அதில் புது நம்பர் இருக்கிறது. திங்கட்கிழமை பதிந்துவிடுவோம்.

பெடியன் பில்லைப் பார்த்தான். சீலைப் பார்த்தான். கேட்காமலே சொன்ன மனிதரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். கெட்டவனாகத் தெரியவில்லை. "ஹரி. பொனட் எக அரின்ன," என்றான்.

நோபேட் இறங்கிப் பொனட்டைத் தூக்கிப் பிடித்தார். பெடியன் பில்லோடு குனிந்தான். உதடு அசைய இலக்கங்களை வாசித்தான். நிறுத்தினான். மறுபடி முதலிலிருந்து வாசித்தான். பிறகு கையை நீட்டிப் புத்தகத்தைக் கேட்டான். அதை வாசித்தான். எஞ்சினைப் பார்த்தான்.

"மாமா, இது புத்தகத்தில் இருக்கிற நம்பர்தானே?" என்றான் சிங்களத்தில்.

"இல்லை தம்பி, அது வேற—"

"இங்கே பாருங்கள். புத்தகத்தில் இருக்கிற அதே நம்பர்."

நோபேட் குனிந்தார். பெடியனின் பெருவிரல் கிறீஸை வழித்துவிட்டிருந்தது. கீழே இரும்பு வெள்ளியாய் மின்னியது. மின்னுகிற இரும்பில் மாமனார் பேதுருவின் எஞ்சின் இலக்கம், ஒன்றுகூடச் சரியாமல்.

பொனட்டைப் பிடித்திருந்த கை மறுபடி நடுங்கத் தொடங்கியது.

அவருக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அவ்வளவு நேராக இலக்கம் அடிக்கிற கை ஒன்றைத்தான் அவருக்குத் தெரியும். பில்லைக் கொடுக்காமல் இருந்திருந்தால் அந்தப் பெடியன் புத்தகத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பியிருப்பான். கொடுத்தாயிற்று. தானே கொடுத்தாயிற்று.

பெடியன் விசில் அடித்தான். மரத்தடி இறங்கியது. பின்னால் நின்ற வாகனங்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு நிமிஷத்தில் பிக்கப்பைச் சுற்றி ரோடு வெறுமையாகியது. துவக்குகள் தூரமாக, ஆனால் இந்தப் பக்கம் பார்த்து நின்றன.

அதிகாரி வந்தார். வயதானவர், களைத்த முகம். கத்தவில்லை. எஞ்சினைப் பார்த்தார், பில்லைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார்.

"இந்த நம்பரை யார் அடித்தது?"

"தெரியாது சேர்."

"உன் வண்டி. உனக்குத் தெரியாதா?"

"நான்... நான்தான் சேர் அடிச்சனான்."

"இப்போதுதான் தெரியாது என்றாய்." அதிகாரி புத்தகத்தைப் புரட்டினார். "இது உன் வண்டியும் இல்லையே. பேதுரு மேபல். அது யார்?"

காலையிலிருந்து நோபேட் பயந்தது இந்தக் கேள்விக்குத்தான். கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

"நான்தான்," என்றாள் மேபல். இறங்கி நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "வண்டி என்னுடையது. எஞ்சினை மாற்றச் சொன்னதும் நான்தான். அவருக்கு விருப்பமில்லை."

பெண் பொலிஸ் ஒருத்தி தகரக் கொட்டிலிலிருந்து வந்தாள். மேபலின் கைப்பையை வாங்கினாள். தொடவில்லை, தள்ளவில்லை, வழியை மட்டும் காட்டினாள். மேபல் நடந்தாள். கொட்டில் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

இதற்குள் அந்தப் பெடியன் பின்னால் போய், தட்டில் நின்றவனைப் பார்த்திருந்தான்.

"நீ யார்?"

றேமண்ட் கீழே குதித்தான். கால் மடங்கியது, பிடித்துக்கொண்டான். அடையாள அட்டையை நீட்டிய கையில் கிறீஸ் இருந்தது. பெடியன் அட்டையைத்தான் பார்த்தான், கையைப் பார்க்கவில்லை.

"துறைமுகத்தில் வேலை," என்றான் றேமண்ட். "நான்... சும்மா. வழியில் ஏறினேன். பஸ் இல்லை. இவர்கள் ஏற்றினார்கள்."

"இவர்களைத் தெரியாதா?"

"தெரியாது."

நோபேட் அதைக் கேட்டார். கொட்டில் வாசலில் நின்ற மேபலும் கேட்டாள். அவ்வளவு அமைதியாக இருந்தது அந்த ரோடு.

அதிகாரி நோபேட்டின் பக்கம் திரும்பினார். "உண்மையா? வழியில் ஏறினவனா?"

ஒரு சொல் போதும். இல்லை சேர், இவன்தான் அடித்தவன், என் மனிசியின் தம்பி. அந்த ஒரு சொல்லைச் சொன்னால் மேபலை விடுவார்கள். விடுவார்களா? மூன்று பேரையும் பிடிப்பார்களா? நோபேட் மேபலைப் பார்த்தார்.

மேபல் தலையை அசைத்தாள். மிகச் சின்ன அசைவு. வேண்டாம்.

"ஓம் சேர்," என்றார் நோபேட். "வழியில ஏத்தினது."

"போ," என்றார் அதிகாரி றேமண்டைப் பார்த்து.

றேமண்ட் அசையவில்லை. பெடியன் தோளில் தட்டியதும் நடந்தான். நோபேட்டுக்கு அவனைக் கூப்பிட வேண்டும் போல இருந்தது. அவனை நிறுத்துவதற்காக இல்லை. வீட்டில் கொன்ஸ்ரன்ஸ் தனியே இருக்கிறாள், போய்ப் பார், சாப்பாடு கொடு, ஒன்றும் சொல்லாதே என்று சொல்வதற்கு. ஆனால் வழியில் ஏறின ஒருவனிடம் அதையெல்லாம் எப்படிச் சொல்வது?

தெரியாதவனைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார். அவனுக்குத் தெரியும், போவான் என்று நினைத்தார்.

றேமண்ட் மரத்தடியைத் தாண்டினான். சந்திக்குப் போனான். இடப்பக்கம் திரும்பினால் ஜம்பட்டா வீதி, கொன்ஸ்ரன்ஸ் காத்திருக்கிற வீடு. அவன் அங்கே சிறிது நேரம் நின்றான். பிறகு, ஒரு தரமும் திரும்பிப் பாராமல், வலப்பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு பஸ்ஸை ஓடிப் பிடித்து ஏறினான்.